இருபத்தொன்பதாவது நாள்

“இதைப் பாரும்மா, இந்த அநியாயத்தைப் பாரு! பெட்டி பிடிக்கலையாம். நிறம் போட்டோவுல இருந்த மாதிரி இல்லையாம்!”

முதலாளி பயணப் பெட்டியைத் தூக்கித் தொப்பென்று மேஜைமேல் வைத்தார். கைப்பிடியில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொஞ்சம் கடற்கரை மணல். நிறம் பிடிக்காத பெட்டியோடு யாரோ மனதைத் தேற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறார்.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த புதுசு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ‘புதுசு’ என்பது முதலாளி வைத்த பெயர். அந்த ஆன்லைன் கடையில் அந்த நாற்காலிக்கு யார் வந்தாலும் அதே பெயர்தான். சொந்தப் பெயர் மனசில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுவதால் அவர் அந்தச் சிரமத்தை வைத்துக்கொள்வதில்லை.

“வாங்கறதும் திருப்பி அனுப்பறதுமா இருக்கிறவங்க பட்டியல் கேட்டேனே, என்னாச்சு?”

“முடிஞ்சுது சார். ஆனா எத்தனை தடவை திருப்பினாங்கன்னு மட்டும் பார்த்தா, உண்மையாவே அளவு சேராதவங்களும் மாட்டிக்குவாங்க.”

“எத்தனை தடவைன்னு பார்க்காதே. எந்த நாள்ல திருப்பினாங்கன்னு பாரு.” முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் அவர் கரைகண்டவர். “பிடிக்கலைன்னா ரெண்டாம் நாளே தெரிஞ்சுடும். முப்பது நாள் கெடு கொடுத்தா, இருபத்தொன்பதாவது நாள் வரைக்கும் நல்லா உழைக்க வெச்சுட்டு, அப்புறம் குறை கண்டுபிடிக்கிறான் பாரு, அவன்தான் நம்ம ஆளு.”

புதுசு அதைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எதையும் எழுதிக்கொள்வாள். கேள்வியும் கேட்பாள்.

“என்ன காரணம் சார் சொல்வாங்க?”

“தடவைக்கு ஒண்ணு. ஒரு தடவை கனமா இருக்கும்பான், அடுத்த தடவை லேசா இருக்கும்பான். பொருள் ஒழுங்காத்தான் இருக்கும். அவன் புத்திதான் கோணல்.”

“அப்படிப்பட்டவங்களை என்ன சார் பண்றது?”

“தயவு தாட்சணியம் பார்க்காம வாசல்லயே நிறுத்தணும். இனிமே ஒரு குண்டூசி கூடக் கொடுக்கக் கூடாது!”

அவள் விசையைத் தட்டினாள். நாற்பத்து மூன்று பேர் திரையில் வரிசையாக வந்து நின்றார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தவர், கூடாரத்தில் நாலு வார இறுதியைக் கழித்துவிட்டு இருபத்தொன்பதாவது நாள் அதை வெறுத்தவர், எல்லாரும் இருந்தார்கள். முதலாளி தானே குனிந்து நாற்பத்து மூன்று பேரின் கணக்கையும் முடக்கினார். திருட்டுப் பயல்களைப் பிடித்த போலீஸ்காரர் போல் அவர் முகம் ஜொலித்தது.

“பிரமாதம்மா! இந்தத் தலைவலிக்கு இன்னியோட விடிவுகாலம்!”

நல்ல நேரம் பார்த்துத்தான் அவள் கேட்டாள். “சார், நாளையோட நான் சேர்ந்து முப்பது நாள் ஆகுது. வேலையை நிரந்தரம் பண்ணிடுவீங்களா?”

முதலாளியின் முகம் சட்டென்று துக்கவீட்டுக்குப் போனது போலானது.

“அதான்ம்மா, நானே பேசணும்னு இருந்தேன். நீ... நமக்குச் சரிப்பட்டு வரலை.”

“பட்டியல்ல ஏதாவது தப்பா சார்?”

“சேச்சே, வேலை சுத்தம். ஆனா நீ ரொம்பக் கேள்வி கேக்கறே.”

போன மாதத்துப் புதுசு கேள்வியே கேட்காததால் அனுப்பப்பட்டாள். அதற்கு முந்தையவள் சத்தமாகச் சிரிப்பாள். அதற்கும் முந்தையவள் சிரிக்கவே மாட்டாள். மகளின் பள்ளிக்கூடத்தைக்கூட இந்தப் பக்கம் மாற்றிவிட்டு வந்த பாவம் அவள். பயிற்சி மாதத்துக்குப் பாதிச் சம்பளம். முப்பது நாளுக்குள் சரிப்படாவிட்டால் வேறு ஆள் என்பது, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஏற்பாடு. இப்படி ஒரு வசதி இருக்கும்போது ஒரே ஆளைக் கட்டிக்கொண்டு அழுவது முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை.

“காரணத்தை எழுதித் தர முடியுமா சார்?”

அவர் ஒரு தாளில் ‘பொருந்தவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மற்றவர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். இவளோ தாளைப் பத்திரமாக நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி படியிறங்கிப் போனாள். அழுத்தக்காரி, நல்லவேளை தொலைந்தாள் என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

அடுத்த வாரம் பெரிய தள்ளுபடி விற்பனை. நாற்காலி காலியாக இருந்தால் கடை கவிழ்ந்துவிடும். டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் ஏஜென்சியைக் கூப்பிட்டார்.

“இந்த ஆளும் சரியில்லப்பா. நாளைக்கே வேற ஆளை அனுப்பு. முப்பது நாள் இன்னும் முடியலை, ஞாபகம் இருக்கட்டும்.”

“மன்னிக்கணும் சார். இனிமே உங்களுக்கு ஆள் அனுப்பக் கூடாதுன்னு கால் மணி நேரம் முன்னாடி உத்தரவு வந்துடுச்சு.”

“என்னய்யா உளறல் இது? எட்டுப் பேரும் சொத்தையா அனுப்பிட்டு என்மேல பழி போடறியா?”

“ஏழு பேர் சார். அந்த ஏழு பேரும் இப்ப வேற இடங்கள்ல நல்லா வேலை பார்க்கறாங்க.”

“எட்டுய்யா! இப்பப் போனாளே, அவளை விட்டுட்டியே!”

“அவங்க நாங்க வேலைக்கு அனுப்பின ஆள் இல்லை சார். பதினோரு வருஷமா எங்க ஆபீஸ்லயே இருக்காங்க. அனுப்பற ஆளையெல்லாம் திருப்பிக்கிட்டே இருக்கிற முதலாளிகிட்ட ஒரு மாசம் கூடவே இருந்து, குறை யார்மேலன்னு கண்டுபிடிச்சுட்டு வர்றதுதான் அவங்க வேலை.”