மூடி போடாத காலிங் பெல்

“அதான் போன்லயே வந்த ஆளு மூஞ்சி பளிச்சுன்னு தெரியுதே, அப்புறம் எதுக்குத் தம்பி இந்த டிங் டாங்?”

ஏணியில் நின்றபடியே கேட்டார் எலெக்ட்ரீஷியன் அழகுமலை. அந்தப் பசுமலை வீட்டு வாசலில் கேமரா வைத்த புதுக் காலிங் பெல். அமுக்கினால் வந்தவர் முகம் செல்போனில் வந்து நிற்கிறது. ஹால் சுவரில் மாட்டிய மணிப்பெட்டி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

“அது அடிச்சே ஆகணும்ணே. அடிக்கலைன்னா எங்கக்கா இன்னைக்கும் சாப்புடாது,” என்றான் மருது. அவரைக் கூட்டி வந்தவன் அவன்தான்.

“ஒரு பெல்லுக்கா இம்புட்டு வீம்பு?”

அழகுமலைக்கு வரும்போதே மனசு சுருக்கென்றிருந்தது. மருதுவின் அக்கா சரண்யாதேவி மடியில் ஆறு மாதக் குழந்தையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். வீடேறி வந்தவருக்கு ஒரு ‘வாங்க’ இல்லை. லேசாகச் சிரித்ததோடு சரி. “பிள்ளைக்கு என்ன பேரும்மா?” என்று கேட்டதற்கும் பதில் இல்லை, கண் பெட்டியை விட்டு நகரவில்லை. புருஷன் தமிழ்மாறன் அதற்கு மேல். வாசலில் பெல் பக்கத்தில் நின்றவன் வாயே திறக்கவில்லை. படித்த திமிர் என்று அழகுமலை முடிவு கட்டிவிட்டார்.

பெட்டியின் மூடியைக் கழற்றினார். “அமுக்கச் சொல்லு.”

மருது வாசலைப் பார்த்துக் கையை அசைத்தான். தமிழ்மாறன் அமுக்கினான். உள்ளே இருந்த சின்னக் கம்பி நடுங்கி, ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“கரண்டு பத்தல. இந்தக் கம்பி பாஞ்சு போயி ரெண்டு தகட்டையும் அடிக்கணும். நீங்க மாட்டியிருக்க டிரான்ஸ்பார்மரு கேமராவுக்கே காணாது.”

பெரியதாக ஒன்றை மாட்டினார். இனி அடிக்கும் என்ற தைரியத்தில் மூடியையும் கையில் எடுத்தார்.

“மூடி வேணாம்ணே, தெறந்தே இருக்கட்டும்,” என்றான் மருது.

“தூசி அடையுமேப்பா.”

“அடையட்டும்ணே.”

மறுபடி அமுக்கினால் இப்போது முனகல்கூட இல்லை. சரண்யாதேவியின் கண்கள் நிறைந்துவிட்டன.

அழகுமலைக்கு இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “பேசாம பாட்டுப் பாடுற பேட்டரி பெல்லு ஒண்ணு மாட்டிருவோமா?”

“அது ஆகாதுண்ணே. இப்படிக் கம்பி அடிக்கிறதுதான் வேணும்.”

அழகுமலை மருதுவிடம் செல்போனை வாங்கி, பெல்லுக்கான ஆப்பில் செட்டிங்ஸைத் துழாவினார். “அட, கம்பி பெல்லுன்னு போடாம எலெக்ட்ரானிக் பெல்லுன்னுல்ல போட்டு வச்சிருக்காக. அதான் அடிக்க மாட்டேங்குது.” மாற்றிவிட்டு நிமிர்ந்தார். “இப்ப அமுக்கச் சொல்லு.”

கம்பி பாய்ந்தது. டிங்... டாங்.

கை சூப்பிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. தலையைத் திருப்பி, கண்ணை அகல விரித்துப் பெட்டியை அண்ணாந்து பார்த்தது. தமிழ்மாறன் உள்ளே ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். சரண்யாதேவி வாசலுக்கு ஓடி, தானே அமுக்கினாள். டிங் டாங். குழந்தை மறுபடியும் திரும்பியது. தமிழ்மாறன் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

எத்தனையோ வீடுகளில் பெல் மாட்டியவர் அழகுமலை. என்ன நடக்கிறதென்றே புரியாமல் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலுக்குள் நிற்பவர் போல ஏணியிலேயே நின்றார்.

“என்ன தம்பி இது?” என்றார் மெதுவாக.

மருது கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு டாக்டரும் சொன்னாரு, நானும் சொன்னேன். இவுக ரெண்டு பேரும் தங்களோட கண்ணால பாத்தாத்தான் ஆச்சுன்னுட்டாக. அக்காவுக்கும் மச்சானுக்கும் பெறவியிலயே காது கேக்காதுண்ணே; கம்பி அடிக்கிறதப் பாத்தாத்தான சத்தம் வந்துச்சுன்னு அவுகளுக்குத் தெரியும்.”