கோடு தாண்டாத பந்து

திண்டிவனத்து மைதானத்தில் சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை. விழுப்புரம் கால்பந்து கிளப்பின் மேனேஜர் கோதண்டபாணி கோட்டோரம் நிற்கிறார். அவருக்கு எதிரே, மைதானத்துக்குள், பூவரசன் குனிந்து அவிழாத ஷூ லேஸை மறுபடியும் கட்டுகிறான். வலிக்கிற முட்டியை யாருக்கும் தெரியாமல் தடவிப் பார்க்கத்தான் ஆட்டக்காரர்கள் இப்படிக் குனிவார்கள். கொல்கத்தாவில் சம்பளத்துக்கு ஆடிய காலத்தில் கோதண்டபாணியும் இப்படித்தான் குனிந்தார். அடுத்த ஓட்டத்தில் முட்டி நழுவியது, அதோடு அவருடைய ஆட்டமே முடிந்தது. "முட்டி இன்னாடா பண்ணுது?" என்கிறார். "ஒண்ணும் இல்லண்ணா, ஆடிக்கினுதான இருக்கிறேன்" என்று சிரித்துவிட்டு ஓடுகிறான் பூவரசன். அன்று அவர் சொன்ன பதிலும் இதேதான்.

அவனுக்குப் பதிலாக இறங்கத் தென்னரசு கோட்டருகே தயாராக நிற்கிறான். ஆனால் பந்து வெளியே போனால்தான் ஆளை மாற்ற விடுவார் நடுவர். பந்தோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளேயே சுற்றுகிறது. வேனில் வந்த விழுப்புரத்துக்காரர்கள் விடாமல் தகரத்தைத் தட்டுகிறார்கள். கடைசியில் யாரோ தப்பாக உதைத்த பந்து அவரை நோக்கியே உருண்டு வருகிறது. இன்னும் ஒரு முழம். போய்விடு, போய்விடு என்று அவர் முணுமுணுக்கிறார். கோடு தாண்டும்வரை பந்தை விடாதே என்று தினமும் விடியலில் கத்திக் கத்தி அவர் பழக்கியவன், அதைப் பிடிக்கப் பாய்ந்து வருகிறான். "விட்ருடா! பூவரசா, விட்ருடா!" பூவரசன் வலிக்கிற காலை ஊன்றி, பந்தைக் கோட்டுக்குள்ளேயே தடுத்துத் திரும்புகிறான்.