அடுப்படிக்குக் கேட்கிற சத்தம்

குற்றால சீசனில் எங்கள் தென்காசித் தெரு வழியாக ஓயாமல் பைக்குகள் போகும். என் கணவர் ஜோஷ்வா செங்கோட்டையில் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுவேன். அவர் வண்டியாக இல்லாவிட்டால் மனம் ஏதேதோ நினைத்துக்கொள்ளும்.

"ஏட்டி பெர்சிஸ், நம்ம வண்டிக்குன்னு தனியா ஒரு சத்தம் வச்சிருதேன். அடுப்படில நின்னே கண்டுபிடிச்சிருவ" என்றார் ஒருநாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் சைலன்சரைக் கழற்றுவார். உள்ளே சத்தத்தை அடக்கும் பஞ்சைக் கூட்டுவார், குறைப்பார். மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய் வருவார். நான் அடுப்படியிலிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"தகர டப்பாவ உருட்டுன மாதிரில்லா இருக்கு."

"பெறகு, சர்ச் ஆர்கனையா மாட்ட முடியும்?"

நேற்றும் கழற்றினார். வண்டி முற்றத்தில் நின்றது. சைலன்சர் அவர் மடியில் கிடந்தது. டீ கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது தெருமுனையில் ஒரு வண்டிச் சத்தம் எழுந்தது. கனமாக, அவசரமே இல்லாமல், எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் அடையாளம் தெரிகிற சத்தம். அது எங்கள் வாசல்வரை வந்து ஓய்ந்தது. வாசலில் எதுவும் இல்லை.

"இதாம்லா நாம தேடுன சத்தம்?" என்றார் ஜோஷ்வா மெதுவாக.

"இதேதான்."

ஜோஷ்வா பக்கத்திலேயே இருந்தும், அவர் பத்திரமாக வந்துவிட்டார் என்று என் மனம் நிம்மதியடைந்தது. அடுப்படிக்குப் போனேன். முற்றத்தில் ஜோஷ்வா டீயை உறிஞ்சுவது கேட்டது. வாசலில் வந்து நின்றவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன்.