ரடானாவின் இருபதுகள்

ஒரே வெட்டு. பனி அரக்கனின் இடது கை தோளோடு அறுந்து ஆற்றில் விழுந்தது.

"இருபது! மரண அடி!" என்று மேசையில் ஓங்கித் தட்டினான் இவோ. சூப்புக் கிண்ணங்கள் குதித்தன.

வெட்டிய ரடானா அலட்டிக்கொள்ளவே இல்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பகடையை உருட்டியதோடு சரி, அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'என்ன திமிர்!' என்று நினைத்துக்கொண்ட லுமிர், தானே எட்டிப் பார்த்தான்.

பகடையில் விழுந்திருந்தது நான்கு.

பிர்னோ நகரத்து பீர்க் கடை ஒன்றின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் கூடி, ஆளுக்கொரு கற்பனை வீரனாகப் பகடை உருட்டிச் சண்டைக் கதை ஆடும் குழு அது. லுமிர் அன்றுதான் சேர்ந்திருந்தான், அதுவும் அரை மணி தாமதமாக. விதியை மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் மரண அடி, எதிரியின் உறுப்பு போகும். ஒன்று விழுந்தால் வாள் திரும்பி, வீசியவனையே வெட்டும்.

சற்று முன் ரடானாவுக்கு விழுந்த ஆறையும் இவர்கள் பதினேழு என்றுதான் சொன்னார்கள். அவன் கண் ஏமாந்ததாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டான்.

"மன்னிக்கணும், இது வந்து..." என்று ஆரம்பித்தான். மேசைக்கடியில் இவோவின் பூட்ஸ் அவன் காலை நசுக்கியது.

நடுவர் ஓட்மார் எழுந்தான். "லுமிர், கீழ போய் சூப்பு வாங்கணும். கூட வா."

படிக்கட்டில் பாதி இறங்கியதும் ஓட்மார் அவன் சட்டையைப் பிடித்தான். "டேய், உனக்கு அறிவிருக்கா? டிராம்ல டிக்கெட் பரிசோதிக்கிற வேலையை இங்கயும் பார்க்கிறியே!"

"நாலை இருபதுன்னா நான் சும்மா இருக்கணுமா?"

"அவளுக்குக் கண்ணு தெரியாதுடா!"

லுமிர் நினைத்துப் பார்த்தான். ரடானா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் வணக்கம் சொன்னதும் அவன் முகத்துக்கு நேராகத்தான் சிரித்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல போச்சு," என்றான் ஓட்மார். "ஆயிரம் வீட்டுல எத்தனை வீடு தீப்பிடிக்கும், எத்தனை வீட்டுல திருட்டுப் போகும்னு வாரம் பூரா இன்சூரன்ஸ் ஆபீஸ்ல மண்டையை உடைச்சுக்கிறா. இங்க வந்தாவது அவ ஜெயிக்கட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

லுமிர் தலையைக் குனிந்துகொண்டான். சூப்போடு மேலே வரும்போது, இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவும் செய்துவிட்டான்.

ஆட்டம் உச்சத்துக்கு வந்திருந்தது. ஒற்றைக் கை அரக்கன் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றான். மற்ற வீரர்கள் அடிபட்டுக் கிடக்க, ரடானாவின் வீரன் மட்டும் எதிரே நின்றான். இரண்டு வருடமாக அவள் வளர்த்த வீரன் அவன்.

"உருட்டு ரடானா, கதையை முடிச்சு விடு!" என்றான் இவோ.

பகடை உருண்டு, சூப்புக் கிண்ணத்தில் மோதி நின்றது.

விழுந்தது ஒன்று.

இவோவும் ஓட்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். "இருபது!" என்று இவோ கூரை அதிரக் கத்தினான். "செத்தான் அரக்கன்!"

ரடானா கையை உயர்த்தினாள். "இரு. புதுசா வந்தவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே. லுமிர், எவ்வளவு விழுந்திருக்கு?"

இவோவின் பூட்ஸ் மறுபடி காலில் ஏறியது. நடுவரின் குறிப்புகளை மறைக்க வைத்திருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஓட்மார் கைகூப்பிக் கெஞ்சினான். லுமிர் அந்த இருவரையும் பார்த்தான். பிறகு, பதிலுக்காகக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். காலை வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

"ஒண்ணு," என்றான்.

"பொய் சொல்றான்!" இவோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எழுந்து வெளிய போடா!"

"உட்காரு இவோ," என்றாள் ரடானா. "நடுவரே, ஒண்ணு விழுந்தா என்ன விதி?"

"விதியை விடு, ரடானா. இன்னொரு தடவை உருட்டிக்கோ..."

"விதியைச் சொல்லு."

ஓட்மார் அட்டைத் தடுப்பைத் தள்ளிவைத்தான். "வாள் திரும்பும். உன் வீரன்... கழுத்துல வெட்டுப்பட்டு ஆத்துல விழுறான். செத்துட்டான்."

லுமிர் எழுந்து மேல்கோட்டை எடுத்தான்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் ரடானா. தடவி எடுத்து, தன் வீரனின் விவரம் எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தாள். "உட்காருங்க. இனிமே என் பகடையை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"ரடானா, நாங்க உன் நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தான் இவோ.

"முந்நூத்து நாப்பது தடவை உருட்டியிருக்கேன், இவோ. குறைஞ்சது பத்துப் பதினஞ்சு தடவையாவது ஒண்ணு விழுந்திருக்கணும். ஒரு தடவைகூட விழல. நீங்களா நிறுத்துவீங்கன்னு ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன்."

ஓட்மாரின் முகம் வெளுத்தது. "உனக்கு... யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல. எனக்குக் கண்ணுதான் தெரியாது. கணக்கு நல்லாவே தெரியும்."