ஏழாவது கோட்டிங்

"சரியில்ல மச்சான். தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடி."

எதிர்வீட்டுப் பெயிண்டர் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டீயோடு வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஆறாவது தடவை.

"பளபளன்னு நல்லாத்தானே இருக்குண்ணே?"

"உன் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி. கார்ல இப்படி அடிச்சிருந்தா, ஓனர் அந்தக் காரையே என் மேல ஏத்தியிருப்பான். இதோ பாரு, வடிஞ்சிருக்கு. இங்க தூசி."

அவளும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். முழ நீளக் கப்பல், கருநீலத்தில் மின்னியது. வடிசலையும் காணோம், தூசியையும் காணோம்.

"வாத்தியார் சொன்னா சரிதான்" என்று சிரித்தபடி டீயை வாங்கிக்கொண்டார் அவள் கணவர்.

பதினாலு மாடல் கப்பல் கட்டியவர். மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, நூலையே கயிறாகக் கட்டி, பாய்மரம் ஏற்றி... வீட்டில் கப்பல் இல்லாத அலமாரி கிடையாது. பதினைந்தாவதைக் கட்டி முடித்த நேரத்தில் பதவி உயர்வு வந்தது. பெயிண்ட் காணாமலே அது பரணுக்குப் போனது. பதினோரு வருஷம் அங்கேயே கிடந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு பக்கவாதம். உயிர் தப்பியதே பெரிய விஷயம். ஆனால் வலது கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

பிசியோதெரபி செய்ய வந்த பெண், "தினம் ஒரு மணி நேரம் பிசையுங்க" என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். இரண்டாம் நாளே அதைத் தூக்கி எறிந்தார். "நான் என்ன பாப்பாவா?"

அதோடு சரி. எதிலும் பிடிப்பில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எதிர்வீட்டுப் பெயிண்டர் தானே பரணில் ஏறிக் கப்பலை இறக்கினார். "பெயிண்ட் மட்டும்தானே பாக்கி? முடிச்சிடு மச்சான்."

அன்று கணவர் ஒரு மாதம் கழித்து முகச்சவரம் செய்துகொண்டார். அவள் பெயிண்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போது, ஏன் கும்பிட்டோம் என்றிருந்தது.

ஸ்ப்ரே டப்பாவை இடது கையால் அழுத்தி அடித்துவிடுவார். அது சுலபம். குறை வந்தால்தான் பாடு. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். அதிலும் பெயிண்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். "வலது கையாலதான் தேய்க்கணும். இடது கைக்கு பலம் ஜாஸ்தி, அடியில இருக்கிற மரம் தெரிஞ்சிடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, நாலைந்து நாள் தேய்ப்பார். மறுபடி அடிப்பார். மறுபடி டார்ச் வரும்.

மறுநாள் காலை அவள் எதிர்வீட்டுக்கே போய்விட்டாள். பெயிண்டர் வாசலில் ஒரு கார்க் கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? சாவோட வாசல் வரைக்கும் போயிட்டு வந்த மனுஷன். 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க தொழில் கௌரவம் குறைஞ்சு போயிடுமா?"

பெயிண்டர் அவள் வீட்டு ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, முதல் கோட்டிங்லயே ஒரு குறையும் இல்ல. முப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன், டப்பாவை வச்சு இப்படி ஒரு ஃபினிஷிங் எனக்கே வந்ததில்ல."

"அப்புறம் ஏன்...?"

"அந்த பிசியோதெரபி பொண்ணு என்கிட்டதான் புலம்பிட்டுப் போச்சு. கையை அசைக்கலைன்னா அப்படியே நின்னுடுமாம். பந்தைக் கொடுத்தா எறியறார். உப்புத்தாளைக் கொடுத்தா மணிக்கணக்கா தேய்க்கிறார். நான் என்ன பண்ண? முதல் வாரம் தாளைப் பிடிக்கவே முடியல. நேத்து டீ டம்ளரை எந்தக் கையால வாங்கினார், பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை. கோபத்தில் இருந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. இப்போது நினைத்துப் பார்த்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணே, தெரியாம என்னென்னவோ பேசிட்டேன்..."

"விடு விடு. அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா தாளைத் தூக்கிப் போட்டுடுவார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எதிர்வீட்டுல சண்டை போட்டாச்சா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க தேய்ங்க."

அவர் தலையை நிமிர்த்தாமலே சிரித்தார்.

"பதினாலு கப்பல் கட்டினவன்டி நான். முதல் கோட்டிங் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாள் பூரா ஊரான் வண்டியைத் தேய்ச்சிட்டு, டார்ச்சைத் தூக்கிக்கிட்டு எனக்காகப் பொய் சொல்ல வர்றார். அவர்கிட்ட போய் 'தெரியும்'னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"நீ ஒண்ணு பண்ணு. ஏழாவது கோட்டிங் அடிச்சதும், காயறதுக்குள்ள எங்கேயாவது உன் விரலை ஒரு தடவை வச்சு எடுத்துடு. பாவம் மனுஷன், குறை தேடித் தேடியே களைச்சுப் போயிட்டார்."