முன்னால் கொடுத்தல்

பதினான்கு வருடம் சிட்னியில் சம்பளத்துக்கு ரக்பி லீக் ஆடிய நிரூஷனை, ஓய்வுபெற்ற பிறகும் ஒரு பழக்கம் விடவில்லை. அந்த ஆட்டத்தில் பந்தைப் பின்னால் வருகிறவனுக்குத்தான் கையால் கொடுக்கலாம். முன்னால் நிற்பவனுக்குக் கொடுத்தால் விசில். சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கும் மைத்துனி, "அத்தான், சம்பலை இஞ்சால தாங்கோவன்" என்று கேட்டால் போதும், கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி ஓடி, அவளைத் தாண்டிப் போய்ப் பின்பக்கமாக நீட்டுவான். வீட்டில் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோகும்.

மகள் பிறந்த அன்று தாதி குழந்தையை அவன் கையில் வைத்தாள். மனைவி தர்மினி கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு கைகளையும் நீட்டினாள். கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவளைத் தாண்டிப் போக வழியே இல்லை. அவன் குழந்தையை அணைத்தபடி இடமும் வலமும் பார்த்தான்.

"என்னப்பா முழுசிறியள்? பிள்ளையைத் தாங்கோ."

நிரூஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னால் கொடுத்தான். விசிலைவிடச் சத்தமாகக் குழந்தை வீரிட்டது. ஆட்டத்தில் பறிகொடுத்த இரண்டு பல்லின் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டே, தவறை ஒப்புக்கொண்டு கையை உயர்த்தினான்.