கரிச்சான் அடித்த மணி

ஒரு சைக்கிள் மணிக்கு ஊரில் நல்ல செல்வாக்கு. அது ஓர் அதட்டுப் போட்டால் சந்தைக் கூட்டமே விலகும். ஒரு நாள் அதன் சைக்கிள், மோட்டார் வண்டிகளை உள்ளே விடாத பழைய காட்டுப் பாதை ஒன்றில் உலாப் போனது. வழியை மறிக்க அங்கே ஓர் ஆள்கூட இல்லை. மணிக்கு வாய் நமநமத்தது. ஓரமாக நின்ற மருத மரங்களை அதட்டிக்கொண்டே போனது.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து "டிரிங்! டிரிங்!" என்று சத்தம் வந்தது.

"யாரது, என்னையே விலகச் சொல்றது?" என்று மணி பொருமியது. ஆனால் சத்தம் விடாமல் துரத்தியது. சைக்கிள் மிரண்டுபோய், பாதையை விட்டு ஈரச் சருகுக்குள் இறங்கி நின்றது.

பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. கிளையில் ஒரு கரிச்சான் குருவிதான் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா அடிச்சீங்க? உங்க சைக்கிள் எங்கே?"

"சைக்கிள் எதுக்குங்க? வழியெல்லாம் நீங்க அடிச்சதைக் கேட்டே கத்துக்கிட்டேன்."

மணி தன் குரலை இதுவரை எதிரே நின்று கேட்டதில்லை. "என் சத்தம் இவ்வளவு கடுமையாவாங்க இருக்கு?" என்று மெல்லக் கேட்டது.

"சேச்சே, இல்லைங்க," என்றது கரிச்சான். "நான் கொஞ்சம் குறைச்சுத்தான் அடிச்சேன்."